குத்தினா சத்தமா சொல்லணும்

கந்தப்பளை
5.3.1961

தங்கச்சி நாகலெட்சுமிக்கு, வீரம்மா அக்கா அத்தானை விட்டு எழுதுறது.

மாரியம்மா புண்ணியத்துல நானும் உங்க அத்தானும் புள்ளைங்களும் நோய் நொடி இல்லாம இருக்கோம். ஒனக்கு அந்தப் பொகவந்தலாவைக் குளிர்ல இருமல் விட்டுச்சா? கம்பளி பத்தலைன்னா சொல்லு, அத்தான் வரும்போது குடுத்து விடுறேன்.

நல்ல சேதி ஒண்ணு. ஆண்டியப்பன் வீட்டுல இருந்து வந்துட்டுப் போனாங்க. ஹட்டன்ல அரிசிக் கடைக்கு லாரி ஓட்டுதே, அந்தப் புள்ளதான். தீவாளிக்கு நம்ம லயத்து வீட்டுக்கு வந்தப்ப நீ டீ கொண்டாந்து குடுத்தியே. அதுக்கு ஒன்னையக் கட்டிக்கணும்னு ஆசையாம். அவங்க அம்மா காளிமுத்தாயி கொஞ்சம் வாய்க்காரிதான். ஆனா, “ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றது எங்களுக்கும் கவுரவம்தானே”ன்னு சொல்லிச்சு. எனக்கு வயிறு குளுந்து போச்சு.

அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தா அவங்க பேசியிருப்பாங்க. இப்ப நான்தான் பேசணும். வைகாசியில வச்சிக்கலாம்னு சொல்லியிருக்கேன். ஒன் மனசுல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுது.

ஒடம்பைப் பாத்துக்க. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா வீரம்மா


பொகவந்தலாவை
14.3.1961

அன்புள்ள அக்காவுக்கு, நாகலெட்சுமி வணக்கம். அத்தானுக்கும் சொல்லுங்க.

இருமல் விட்டுருச்சு, கம்பளி வேணாம். சின்னவனுக்குப் பல் மொளைச்சிருச்சா?

எனக்குச் சம்மதம் அக்கா. போன வாரம் ஆஸ்பத்திரிச் சாமான் வாங்க எங்க நர்ஸ் பூரணம் மிஸ்ஸியோட ஹட்டனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுல அவங்க லாரி நின்னுச்சு. என்னையப் பாத்ததும் கையில இருந்த பீடியக் கீழ போட்டு மிதிச்சாங்க. மிஸ்ஸி யாழ்ப்பாணத்து ஆளு, எல்லாத்தையும் கவனிச்சிரும். “ஆர் பிள்ளை அது?”ன்னு கேட்டுச்சு. நான் வெரசா நடந்தேன். வர்ற வழியெல்லாம் மிஸ்ஸி சிரிச்சுக்கிட்டே வந்துச்சு.

இங்க வேலை நிறைய. அக்கம்பக்கத்துத் தோட்டம் எல்லாத்துக்கும் இந்த ஒரு ஆஸ்பத்திரிதான். பாலச்சந்திரன் டாக்டர் ஐயா, பூரணம் மிஸ்ஸி, ஆயா வேலைக்கு நானும் காளியாயி அக்காவும். காலையில ஊசி போடுறதுக்கு வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். முடிஞ்சதும் ஊசியெல்லாம் ஒரு தட்டுல போட்டுப் பின் அறைக்கு வந்துரும். ரத்தத்தக் கழுவி, ஓட்டையில கம்பி விட்டுக் குத்தி, மொனை மழுங்கியிருந்தா கல்லுல தீட்டி, அப்புறம் கொதிக்க வைக்கிறது என் வேலை. என் கை சுத்தம்னு டாக்டர் ஐயா சொல்லுவார்.

கலியாணத்துக்கு அப்புறமும் இந்த வேலைய விட மாட்டேன்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

உங்கள் தங்கை
நாகலெட்சுமி


பொகவந்தலாவை
3.4.1961

அன்புள்ள அக்காவுக்கு.

எல்லாரும் சுகமா இருக்கணும்னு சாமியக் கும்பிடுறேன்.

உங்க பதில் வர்றதுக்கு முன்னாலயே இத எழுதுறேன். கலியாணத்தை வைகாசியில வைக்க வேணாம் அக்கா. புரட்டாசி கழியட்டும். ஐப்பசியில பாத்துக்கலாம். இங்க வேலை கூடுதலா இருக்கு. காரணம் கேக்காதீங்க.

வருசப் பொறப்புக்கும் வர முடியாது. கோவிச்சுக்காதீங்க.

உங்க பக்கத்துக் காம்பிரா வீட்டுல கந்தப்பண்ணனுக்கு முந்தி காமாலை வந்துச்சே, அவரு தேறி வேலைக்குப் போக எவ்வளவு நாள் ஆச்சு? சும்மாதான் கேக்குறேன். இங்க இராமையான்னு தேயிலைச் செடி வெட்டுற ஒரு கவ்வாத்துக்காரர் காமாலையோட வந்து படுத்தார். நுவரெலியாவுக்கு அனுப்பினோம், அங்க போயி இறந்துட்டார். அவர் பொஞ்சாதி வந்து அவர் போர்வையக் கேட்டு வாங்கிட்டுப் போச்சு. மனசு என்னமோ போல இருக்கு.

நாகலெட்சுமி


கந்தப்பளை
16.4.1961

நாகலெட்சுமிக்கு அக்கா எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நான்தான் நல்லா இல்ல.

சம்மதம்னு எழுதின மை காயறதுக்குள்ள வேணாம்னு எழுதுற. வெத்தலை பாக்கு மாத்தின பொறவு இப்பிடிச் சொன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? காளிமுத்தாயி, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்துலயே எல்லார் முன்னாலயும் கேட்டுருச்சு, “ஒன் தங்கச்சிக்கு வேற எங்கயும் மனசு போயிருச்சா”ன்னு. கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறுற வரைக்கும் நான் தலை நிமிரல.

அப்பிடி யாராச்சும் இருந்தா என்கிட்ட சொல்லு. நான் அடிக்க மாட்டேன். ஒளிக்காத.

கந்தப்பண்ணனுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. நான் ஒண்ணு கேட்டா நீ ஊரான் காமாலையக் கேக்குற.

அக்கா


பொகவந்தலாவை
10.5.1961

அன்புள்ள அக்காவுக்கு.

நீங்க பட்ட அவமானத்துக்கு நான் எப்பிடி ஈடு கட்டுவேன். அம்மன் மேல சத்தியமா வேற யாரும் இல்ல. அவங்களையே கட்டிக்கத்தான் ஆசை. ஆனா இப்ப வேணாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வேற ஒரு சேதி எழுதுறேன். ஊசிகளைக் கையால அள்ளாம எடுக்க ஒரு நீள இடுக்கியும், ரப்பர் கையுறையும் வேணும்னு டாக்டர் ஐயாகிட்ட கேட்டேன். அவர் சாமான் பட்டியல்ல சேத்துத் தோட்டத்துப் பெரிய தொரைக்கு எழுதினார். தொரை அந்த வரிய மட்டும் அடிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டார். “கொஞ்சம் பொறும் பிள்ளை. இதைப் பற்றி வெளியில கதைக்க வேண்டாம். ஊசியால நோய் வருமெண்டு கேள்விப்பட்டா சனம் ஊசி போட வராது. பிள்ளையளுக்குப் போடுற ஊசியும் நிண்டுபோம்” என்று சொன்னார். அவர் சொல்றதும் ஞாயம்தான். அதனால வாய மூடிக்கிட்டேன்.

சின்னவனுக்கு மிட்டாய் அனுப்புறேன். மிட்டாய் கடையில கட்டிக் குடுத்தது, நான் பிரிக்கல. தைரியமாக் குடுங்க.

நாகலெட்சுமி


கந்தப்பளை
20.6.1961

தங்கச்சிக்கு.

ரெண்டு கடுதாசி போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்ல. கோவமா? ஒன் கடுதாசிய அத்தானை விட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். மிட்டாயப் பிரிக்கலன்னு எதுக்கு எழுதின? நீ தொட்டா என்ன? அதுல இருந்து எனக்கு மலையில கொழுந்து எடுக்கவே ஓடல.

கலியாணம் கெடக்கட்டும். நீ எப்பிடி இருக்கன்னு ஒரு வரி போடு. ஒரு வரி போதும்.

வீரம்மா


பொகவந்தலாவை
3.7.1961

அன்புள்ள வீரம்மாவுக்கு,

நான் பூரணம், உங்கட தங்கச்சியோடு வேலை செய்யும் மிஸ்ஸி. நீங்களும் குடும்பத்தாரும் சுகமாய் இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். உங்களுக்கு எழுத வேண்டாமெண்டு அவள் என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினவள். அந்தச் சத்தியத்தை நான் இப்ப மீறுகிறேன்.

நாகலெட்சுமிக்குச் செங்கமாரி. நீங்கள் காமாலை எண்டு சொல்லுவீர்கள். இரண்டு வாரமாக எங்கட வார்ட்டிலேயே படுத்திருக்கிறாள். கண் மஞ்சள், வாய்க்கு ஒண்டும் பிடிக்கவில்லை, எழும்பி நடக்கச் சத்தில்லை.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பங்குனியில் இராமையா எண்ட நோயாளி இங்கே காமாலையோடு இருந்தார். அவருக்குப் போட்ட ஊசியை ஆரோ தட்டிலே பஞ்சுக்குக் கீழே விட்டுவிட்டார்கள். அது நானாயும் இருக்கலாம். உங்கட தங்கச்சி பஞ்சை அள்ளும்போது பெருவிரலில் ஆழமாய் ஏறிவிட்டது. விரலை ஸ்பிரிட்டிலே கழுவிப்போட்டு வேலையைத் தொடர்ந்தவள். இராமையா செத்த பிறகுதான் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். இது இரத்தத்தால் வரக்கூடியது, வந்தாலும் உடனே வராது, மூன்று மாதமோ ஆறு மாதமோ போகும், வராமலும் விடலாம் எண்டு அவர் சொன்னார். அதுதான் அவள் கலியாணத்தைத் தள்ளினது. மாப்பிள்ளைக்கும் உங்கட பிள்ளைகளுக்கும் தன்னால் ஒண்டும் வந்துவிடக் கூடாதெண்டு தன்ர கோப்பையைக்கூடத் தனியே வைத்துக்கொண்டு இந்த மூன்று மாதமும் இருந்திருக்கிறாள். எனக்கும் படுத்த பிறகுதான் சொன்னாள்.

காய்ச்சல் குறைகிறது. ஆனாலும் பயம் தீரவில்லை. வெளிக்கிட்டு வாருங்கள்.

இப்படிக்கு
பூரணம்


கந்தப்பளை
30.7.1961

என் கண்ணு நாகலெட்சுமிக்கு, அக்கா வீடு வந்து சேந்துட்டேன்.

ஒன்னைய விட்டுட்டு வந்ததுல இருந்து சோறு எறங்கல. குளுக்கோஸ் குடிக்கிறியா? கீழாநெல்லிய டாக்டர் ஐயா வேணாம்னா விட்டுரு, அவர் சொல்றதக் கேளு. ஒன் கண்ணு மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருந்ததுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. பஸ்ஸுல வரும்போது ஒன்னையத் திட்டணும்னு நெறைய சேத்து வச்சிருந்தேன். கட்டில்ல பாத்ததும் ஒண்ணும் வரல.

இப்பத் திட்டுறேன். என்கிட்ட மறைச்சியே. “வேற யாராச்சும் இருக்கானா”ன்னு எழுதினேனே, அந்தக் கடுதாசியப் படிச்சிட்டு நீ எப்பிடி இருந்திருப்ப?

ஆண்டியப்பன் வந்தாப்புல. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுட்டு, குடுத்த டீயக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாப்புல. காளிமுத்தாயி வேற எடம் பாக்குதுன்னு பேச்சு. போகட்டும். நீ பொழைச்சு வந்தா போதும்.

நடக்க முடிஞ்சதும் வேலைய எழுதிக் குடுத்துட்டு வா. வேலைக்கு ஆள் எடுக்குற கண்டாக்கையாகிட்ட கேட்டு இங்க பேர் பதிஞ்சிரலாம். கொழுந்து எடுத்துப் பொழைச்சிக்கலாம். அந்த ஆஸ்பத்திரி வேணாம்.

அக்கா


பொகவந்தலாவை
28.8.1961

அன்புள்ள அக்காவுக்கு, தங்கச்சி தன் கையாலயே எழுதுறேன்.

கண்ணு வெளுத்துருச்சு. கஞ்சி குடிக்கிறேன், இன்னைக்கு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சேன். வாசல் வரைக்கும் நடந்தேன். நீங்க எனக்காக ஒடம்பக் கெடுத்துக்காதீங்க.

நான் வேலைய விட மாட்டேன் அக்கா. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் கோவப்படுங்க.

நான் படுத்திருந்தப்ப அந்த ஊசித் தட்டு எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? காளியாயி அக்காகிட்ட. புருசன் இல்லாம நாலு புள்ளைய வளக்குறது அது. என் கட்டில்ல இருந்து பாத்தா பின் அறைக் கதவு தெரியும். தெனமும் அது கைய அந்த ஊசித் தண்ணிக்குள்ள விடுறதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். ஒருநாள் கூப்பிட்டு, “ஒனக்கும் குத்தியிருக்கா?”ன்னு கேட்டேன். “குத்தாம இருக்குமா? போன மாசம்கூடத்தான்”னு சொல்லுச்சு. “யார்கிட்டயாச்சும் சொன்னியா?” “சொன்னா வேலை போயிரும்ல.” என்னைய மாதிரியே அதுவும் தனியாப் பயந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. நான் கந்தப்பளைக்கு வந்துட்டா அந்தத் தட்டு காணாமப் போயிராது. வேற ஒரு பொம்பளை கைக்குப் போகும்.

அதனால ரெண்டு பேருமாப் போயி டாக்டர் ஐயா முன்னால நின்னோம். நிக்க முடியாம நான் மேசையப் பிடிச்சுக்கிட்டேன்.

“ஐயா, ஆஸ்பத்திரி வேலை எல்லாம் செய்வோம். மலச்சட்டி எடுப்போம், பொணம் கழுவுவோம். ஊசிய மட்டும் வெறுங்கையால தொட மாட்டோம்.”

“பெரிய தொரை உங்களை வேலையால நிப்பாட்டிப் போடுவார் பிள்ளை.”

“நிப்பாட்டட்டும் ஐயா. அடுத்து வர்றவங்ககிட்டயும் நாங்க சொல்லிட்டுத்தான் போவோம்.”

அவர் எந்திரிச்சு, சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு, பின் அறைக்குப் போயி அந்தத் தட்டை அவரே கழுவ ஆரம்பிச்சார். மிஸ்ஸி ஓடிப்போயித் தடுத்துச்சு. “விடும். அதுகளுக்கு ஆகாதது எனக்கு ஆகுமோ எண்டு பாப்பம்” என்று சொன்னார். மூணு நாளா அவர்தான் கழுவுறார். நாளைக்குத் தொரை பங்களாவுக்குப் போறாராம். என்னையும் வரச் சொல்லியிருக்கார்.

அவங்க வந்துட்டுப் போனாங்க. ஆண்டியப்பன். லாரிய கீழ ரோட்டுல நிறுத்திட்டு ஏறி வந்தாங்க. “அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”ன்னு கேட்டாங்க.

“சொன்னா நீங்க வேணாம்னுருவீங்கன்னு நெனைச்சேன்.”

“அத விடு. நீ ஒத்தையில இருந்து பயந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட இருந்து பயந்திருப்பேன்ல.”

நான் அழுதுட்டேன் அக்கா. டாக்டர் ஐயாகிட்ட அவங்களே போயிக் கேட்டாங்க. ரத்தத்துல இன்னும் இருக்கா இல்லையான்னு சொல்ல வழி இல்லையாம், ஆறு மாசம் பொறுத்து ஒடம்பு எப்பிடி இருக்குன்னு பாத்துச் செய்யச் சொன்னார். “சரி, பொறுக்குறோம்”னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

நாகலெட்சுமி


கந்தப்பளை
12.9.1961

தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. நீ கஞ்சி கேட்டுக் குடிச்ச சேதி தெரிஞ்சு நான் ஒரு தட்டு சோறு தின்னேன். இங்க எல்லாரும் சுகம்.

ஒன் கடுதாசிய மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். மொத தடவை கோவம்தான் வந்துச்சு. அப்புறம் காளியாயியோட புள்ளைங்கள நெனைச்சேன். எனக்கு அவங்களத் தெரியாது. ஆனா நீ வந்துட்டா, நான் நிம்மதியாத் தூங்குற நேரத்துல அங்க வேற ஒரு அக்காக்காரி தூங்காம இருப்பா. அத நெனைச்சுட்டேன். இனி வான்னு சொல்ல மாட்டேன்.

காளிமுத்தாயிகிட்டயும் நானே போனேன். “ஒன் மகன் பொறுக்குறேன்னு சொல்லியிருக்கு. நீயும் பொறுத்தா நல்லது. பொறுக்கலைன்னா பெரட்டுக்களத்துல என் தங்கச்சியப் பத்திப் பேசாத”ன்னு சொன்னேன். அது முகத்தத் திருப்பிக்கிச்சு. நான் தலைய நிமித்திக்கிட்டுத்தான் மலைக்கு ஏறினேன்.

தொரை என்ன சொன்னார்? சுருக்கா எழுது.

அக்கா


பொகவந்தலாவை
2.12.1961

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கும் புள்ளைங்களுக்கும் நாகலெட்சுமி வணக்கம்.

பதில் எழுத இவ்வளவு நாளானதுக்கு நோய் காரணம் இல்ல, வேலைதான், பயந்துராதீங்க. ஐப்பசியில இருந்து வேலைக்குப் போறேன். மேடு ஏறினா மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குது. டாக்டர் ஐயா சொன்ன ஆறு மாசத்துல மூணு மாசம் முடிஞ்சிருச்சு, அவங்களும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

பங்களாவுல நடந்தத எழுதலைல்ல. டாக்டர் ஐயா இங்கிலீசுல ரொம்ப நேரம் பேசினார். தொரைக்கு மொகம் செவந்து போச்சு. என்னையப் பாத்து அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல, “ஒனக்கு வேலை வேணாமா?”ன்னு கேட்டார். “வேலை வேணும் தொரை. அதுக்குத்தான் கையுறை கேக்குறேன்”னு சொன்னேன். டாக்டர் ஐயா தன் பைக்குள்ள இருந்து ஒரு கடுதாசிய எடுத்து மேசையில வச்சார். கையுறை தராட்டி தானும் வேலைய விட்டு நின்னுக்கப் போறதா எழுதியிருந்தார். எனக்கே அப்பத்தான் தெரியும். தொரை அதப் படிச்சிட்டு மடிச்சு ஓரமா வச்சார். எங்கள அனுப்பிட்டார். ஒரு மாசம் ஒண்ணும் நடக்கல. நாங்களும் தொடல. டாக்டர் ஐயாவும் மிஸ்ஸியும் மாத்தி மாத்திக் கழுவினாங்க. அப்புறம் ஒருநாள் கொழும்புல இருந்து பெட்டி வந்துச்சு. ரப்பர் கையுறை ரெண்டு ஜோடி, ஆம்பளைக் கைக்குச் செஞ்சது, எங்க விரலுக்கு அங்கிட்டு வெறுமையாத் தொங்குது. இடுக்கி வரல. தேயிலை பாக்டரிப் பட்டறையில சொல்லி நாங்களே அடிச்சு வாங்கிக்கிட்டோம்.

இப்ப முறை மாறிருச்சு. யார் ஊசி போடுறாங்களோ அவங்களே அத லைசோல் மருந்துத் தண்ணி இருக்கிற சட்டியில போடணும். பஞ்சுக்கு வேற சட்டி. கையுறை போட்டுக்கிட்டு இடுக்கியாலதான் எடுக்கணும். கடைசியா ஒண்ணு நான் கேட்டு வச்சது: யாருக்குக் குத்தினாலும் அந்த எடத்துலயே சத்தமா சொல்லணும். சொன்னவங்கள யாரும் திட்டக் கூடாது, நிப்பாட்டக் கூடாது. இதுக்கு மட்டும் டாக்டர் ஐயா யோசிச்சார். “சனத்துக்கு முன்னாலயுமோ?”ன்னு கேட்டார். “அங்கதானே ஐயா குத்துது”ன்னு சொன்னேன். அரை மனசோட தலையாட்டினார்.

இப்ப நேத்து நடந்தது. காலையில வரிசை வாசலத் தாண்டி நின்னுச்சு. அதுல காமாலைக்காரர் ஒருத்தரும் இருந்தார். அவருக்கு டாக்டர் ஐயா ஊசி போடும்போது அந்த ஆளு வலியில வெடுக்குன்னு கைய இழுத்துட்டார். நான் பக்கத்துலதான் சட்டியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டர் ஐயா இடது கை விரல்ல ரத்தம் துளிக்கிறதப் பாத்தேன். அவர் நெனைச்சிருந்தா கைய கோட்டுப் பைக்குள்ள விட்டிருக்கலாம். நானும் பாக்காத மாதிரி இருந்திருப்பேனோ என்னமோ.

அவர் கையத் தூக்கினார். அத்தனை சனத்துக்கும் கேக்குற மாதிரி, “எனக்கு ஊசி குத்திப்போட்டுது!” என்று சொன்னார்.

கைப்புள்ளையோட நின்ன ஒரு பொம்பளை, “ஐயையோ, ஐயாவுக்கா?”ன்னு கேட்டுச்சு. நான் அவர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, தண்ணியில காட்டி, ரத்தம் ஓட விட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவினேன். அவர் சின்னப் புள்ள மாதிரி கையக் குடுத்துட்டு நின்னார் அக்கா. எத்தனையோ பேர் சாவப் பக்கத்துல இருந்து பாத்த மனுசன். “எத்தினை மாதம் பிள்ளை காத்திருந்தனீர்?”ன்னு கேட்டார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டார். சொன்னேன். “தனியாய்” என்று சொல்லிட்டுக் கையத் தொடைச்சுக்கிட்டார்.

வெளிய வந்து பாத்தா வரிசை கலையல. மிஸ்ஸி ஊசியக் கையில எடுத்துக்கிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுச்சு. அந்தக் கைப்புள்ளைக்காரி புள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால வந்துச்சு.

இன்னைக்குக் காலையில டாக்டர் ஐயா வீட்டு வாசப்படியில யாரோ ஒரு சீப்பு வாழப்பழமும் கொஞ்சம் ஆரஞ்சுப் பழமும் வச்சிருந்தாங்களாம். நேத்து சாயங்காலமே காளியாயி அக்கா அவருக்குக் கஞ்சி கொண்டு போச்சு. யாழ்ப்பாணத்துல இருக்கிற அவர் சம்சாரத்துக்கும் மறைக்காம எழுதச் சொல்லி மிஸ்ஸி பேப்பரும் பேனாவும் குடுத்திருக்கு. இனி அவரும் காத்திருக்கணும். வரலாம், வராமயும் போகலாம். தெனமும் காலையில அவர் கண்ணப் பாக்குறது என் வேலைன்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னு வெளிச்சத்துல வந்து நின்னு காட்டினார். இன்னைக்கு வெள்ளையாத்தான் இருக்கு.

சின்னவனை நான் கேட்டதாச் சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருங்க அக்கா. சட்டி நெறைஞ்சிருச்சுன்னு காளியாயி அக்கா கூப்பிடுது, கையுறைய எடுத்துக்கிட்டுப் போறேன்.

உங்கள் தங்கை
நாகலெட்சுமி